ஜெனட் ஹோல்ட்டைச் சுமந்த கதவு

1

"பிள்ளையை இங்கே கொடு. கொடுங்கிறேன்ல?"

"கொடுக்க மாட்டேன் கெசையா. கையை எடு."

"பேத்தி வந்து பாட்டியைத் தொடலேன்னா, ராத்திரி கனவுல வந்து—"

"வரட்டும். வந்தா நான் பேசிக்கிறேன். என்கிட்ட உங்கம்மா பேசாததா—"

"—கனவுல வந்து கட்டிலைச் சுத்திச் சுத்தி நடப்பாங்க. பிள்ளை பயந்து—"

"பயந்தா அழும். அழுற பிள்ளை உயிரோட இருக்கிற பிள்ளை."

"என்ன மதினி, எங்கம்மாவை விஷங்கிறியா?"

"அம்மாவை யாரு சொன்னா? நான் காய்ச்சலைச் சொல்றேன்."

"காய்ச்சல் அம்மாவோடவே செத்துப் போச்சு."

"உனக்கு யாரு சொன்னா? காய்ச்சல் வந்து சொல்லிட்டுப் போச்சா?"

இந்த இரண்டு குரல்களும்தான் எனக்கு முதலில் வந்தன. முகங்கள் பிறகு வந்தன. இடுப்பில் குழந்தை ஹெட்டியோடு சுவரில் முதுகை ஒட்டி நிற்பவள் திர்சா, இந்த வீட்டு மருமகள். கைகளை நீட்டிக்கொண்டு நிற்பவள் அவளுடைய நாத்தனார் கெசையா, பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். இருவருக்கும் நடுவே சாப்பாட்டு மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி போர்த்தி, நெஞ்சின்மேல் வழக்கப்படி ஒரு தட்டு உப்பு வைக்கப்பட்டு, ஜெனட் ஹோல்ட் படுத்திருக்கிறாள். ஒருத்திக்குத் தாய், மற்றவளுக்கு மாமியார்.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் இறந்தவரின் நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். தொட்டவர் கனவில் இறந்தவர் வருவதில்லை. எட்டாத பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துத் தொட வைப்பார்கள். அந்நாளில் இந்த ஊர்ப் பக்கத்து வழக்கம் அது.

திர்சா தூக்க விடவில்லை. அவ்வளவுதான் சண்டை.

2

குரல்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் நான் குடியேறிய இந்த ஊர் நூலகத்து மாடியில், பழைய காலத்தில் ஊரின் சுகாதாரம் எப்படிச் சீர்பட்டது என்று ஒரு பேச்சு நடந்தது. தேநீரும் பிஸ்கட்டும் உண்டு என்று போட்டிருந்தது, போனேன். பேசிய இளைஞர் திரையில் படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். சாக்கடை தோண்டுகிறார்கள். தெருக்குழாய் வருகிறது. அம்மை குத்துகிறார்கள். பிறகு ஒரு சின்னச் செங்கல் கட்டடம். "இறந்தவர்களை அடக்கம் வரை வீட்டில் கிடத்தாமல் இருக்க நகராட்சி பிணவறை கட்டியது. மக்கள் முதலில் எதிர்த்தார்கள். பிறகு ஏற்றுக்கொண்டார்கள்." அடுத்த படம், பொதுக் குளியலறை.

அவர் குளியலறைக்குப் போய்விட்டார். நான் அந்தப் 'பிறகு'விலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள்ளே இரண்டு பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

(அந்த இளைஞரைக் குறை சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு நூற்றாண்டைக் கடக்கவேண்டியவர் 'பிறகு' என்றுதான் சொல்லமுடியும். அவர் நிறுத்தாமல் போனதால்தான் எனக்கு இந்தக் கதை மிச்சம் கிடைத்தது. அவருக்கு என் நன்றி.)

சொந்த ஊரில் இருந்ததைவிட அதிக காலம் நான் இங்கே சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்திருக்கிறேன். அவர்கள் குடித்து வளர்ந்தது இந்த ஊர்த் தண்ணீர். அதைக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி சொல்ல ஒரு கல்லறைகூட எனக்குத் தெரியாது. ஆகையால் கதை.

3

எப்படியெல்லாம் ஆரம்பித்துப் பார்த்தேன் என்பதை ஒளிப்பதற்கில்லை.

*பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் பஞ்சாலைகள் பெருகியதன் விளைவாக மக்கள் நெருக்கமும் அதனால் நோய்களும்* (பரீட்சைத் தாள். வேண்டாம்.)

*ஜெனட் ஹோல்ட் செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் இறந்தாள். வளவில் ஒரு சேவல்* (சேவல் எங்கிருந்து வரும்? முற்றத்தில் கோழி வளர்க்கக்கூடாது என்று நகராட்சி ஏற்கெனவே விரட்டியாயிற்று.)

*திர்சா அழகானவள். அவளுடைய* (யார் கேட்டார்கள்?)

கடைசியில் சண்டையையே முன்னால் வைத்துவிட்டேன். ஒரு வீட்டுக்குள் நுழைய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

குறிப்பு போல ஒன்று: அவர்கள் 'மதினி' என்றா கூப்பிட்டிருப்பார்கள்? இல்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அண்ணன் பெண்டாட்டியின் பெயரை ஒரு நாத்தனார் அந்தக் குரலில் சொன்னால், என் காதில் அது 'மதினி' என்றுதான் விழுகிறது. காது கேட்டதை எழுதுகிறேன்.

4

திர்சா ஏன் அப்படிச் சுவரோடு சுவராக நின்றாள்?

போன கோடையில் எதிர் வீட்டு நெசவாளர் காய்ச்சலில் போனார். ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிய அந்த வளவு முழுவதும் வரிசையில் நின்று தொட்டது. திர்சாவின் மூத்த பையன் ஐசக்குக்கு எட்டவில்லை. பாட்டி ஜெனட்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். "தொடு ராசா, பயப்படாதே. ஜில்லுன்னு இருக்கும், அவ்வளவுதான்." அவன் தொட்டான். தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தான். இலை உதிருமுன் அவனும் போய்விட்டான்.

அந்தத் தொடுகையால்தானா? தெரியாது. குடித்த தண்ணீராக இருக்கலாம். முற்றத்துக் கக்கூஸாக இருக்கலாம், எல்லாருக்கும் அது ஒன்றுதான். துணியில் ஒட்டியிருந்ததாகவும் இருக்கலாம். திர்சாவுக்கும் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் அவளுக்குள்ளே நின்றுவிட்டது.

ஜெனட் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல், மறுநாளிலிருந்து மருமகளுடைய பங்கு வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். திர்சா தறிக்குப் போய்த் திரும்பும் வரை ஹெட்டியைத் தரையில் விடவில்லை. "நீ போ. பிள்ளை என் கையில இருக்கு" என்பாள். தினமும் அதே வாக்கியம். திர்சாவுக்கு அதில் மன்னிப்பும் கேட்டது, வாக்குறுதியும் கேட்டது.

(மாமியாருக்கு நன்றியோடு இருக்கும் மருமகளை எழுதினால் நம் வாசகர் நம்புவாரா என்று யோசித்தேன். கொஞ்சம் சண்டையைக் கலந்து கொடுக்கலாமா என்றும் பார்த்தேன். திர்சா ஒத்துக்கொள்ளவில்லை. "சண்டை போட்டோம், நிறைய. அடுப்புச் சாம்பலுக்குச் சண்டை, சோப்புக்குச் சண்டை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.)

இப்போது ஹெட்டிக்கு இரண்டு வயது. இருப்பதோ ஒரே அறை. மாடியில் வேறொரு குடும்பம். அடக்கம் ஞாயிற்றுக்கிழமைதான், ஏனென்றால் அன்றுதான் ஆலை ஓடாது, அன்றுதான் ஊர் பின்னால் நடந்து வரமுடியும். இன்று புதன். ஞாயிறு வரை, இந்தப் புழுக்கத்தில், ஜெனட் மேசைமேல் இருக்க, அதே அறையில் பிள்ளை சாப்பிடவேண்டும், தூங்கவேண்டும்.

ஹெட்டியை இழக்காமல் காப்பாற்றவேண்டும். திர்சாவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

5

இனி ஃபீல்டன். இவர்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது.

நகராட்சிச் சுகாதார ஆய்வாளர். அந்நாளில் அவர் உத்தியோகத்துக்கு 'தொல்லைகளைக் கண்காணிப்பவர்' என்று பொருள்படும் ஒரு பெயர் இருந்தது. ஊர் அதைச் சுருக்கித் 'தொல்லைக்காரர்' ஆக்கிவிட்டது. முதல் பிரதியில் அவருக்கு முறுக்கிய மீசையும், மூக்கில் பொத்திய கைக்குட்டையும், அதட்டலும் கொடுத்திருந்தேன். மனிதர் வாயையே திறக்கவில்லை. பேசாத ஆளை எனக்கு எழுதத் தெரியாது. எத்தனையோ நாள் ஜெனட் கிடந்த மேசையோரம் அவரை அப்படியே நிறுத்திவைத்திருந்தேன்.

ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது வாசல் பக்கத்திலிருந்து கேட்டது:

"உள்ளே வரலாமாம்மா?"

அதிகாரத்தோடு வந்த மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார். மீசையை எடுத்துவிட்டேன். கைக்குட்டையை அவருடைய சட்டைப்பைக்குள்ளேயே திருப்பி வைத்துவிட்டேன்.

நகராட்சிக் கூட்டங்களில் வருஷக்கணக்காக ஒரே விஷயத்தைப் பேசிப் பேசி அந்தப் பிணவறையைக் கட்ட வைத்தவர் அவர். "மறுபடியும் பிணமா, ஃபீல்டன்?" என்று கவுன்சிலர்கள் சிரிப்பார்களாம். "பிணத்துக்காக இல்லைங்க. பக்கத்துல தூங்குற பிள்ளைக்காக" என்பாராம். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் அனுமதி கொடுத்தார்கள். இப்படிச் சலிக்க வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! பாராட்டுவதற்கு ஆளில்லாத வேலை. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. நடக்காமல் போன சாவுக்கு யார் வந்து கை குலுக்குவார்கள்?

அந்தக் கட்டடத்தை இங்கே நானே கட்டிவிடுகிறேன். செங்கல் சுவர். உள்ளே வெள்ளையடித்திருக்கிறது. வடக்குப் பார்த்த ஜன்னல், வெயில் விழாது. உயரத்தில் காற்றுத் துவாரங்கள். நடுவே வழவழப்பான கற்பலகை மேடை. தரையில் வடிகால். கதவுக்கு நல்ல பூட்டு. குறை சொல்ல இடமில்லை.

இடம்தான் குறை. சும்மா கிடக்கும் நிலம் என்று அனாதை விடுதியின் மதிலை ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஃபீல்டனும் வாங்கிக்கொண்டார். போக்கிடமற்றவர்கள் போய்ச் சேரும் விடுதி அது. அங்கே செத்து, கேட்க ஆளில்லாத ஏழையின் உடலை மருத்துவம் படிப்பவர்கள் அறுத்துப் பார்க்கலாம் என்று நாட்டில் சட்டமே இருந்தது. அந்த மதிலின் நிழல் விழும் இடத்துக்கு யார் தாயைக் கொடுப்பார்கள்? கட்டடம் முடிந்து, வெள்ளை காய்ந்து, பூட்டு மினுங்கிக்கொண்டு நின்றது. ஒருவர்கூட உள்ளே போகவில்லை.

6

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காதும்மா, இந்த வெயில்ல" என்றார் ஃபீல்டன்.

"வேற நாள்ல எடுத்தா பின்னாடி யாரு நடப்பா? நீங்க நடப்பீங்களா?" என்றாள் கெசையா.

"நடப்பேன்."

"தொல்லைக்காரர் பின்னாடி வர்ற சவத்தைப் பார்த்தா ஊரே சிரிக்கும்."

"அடக்கம் ஞாயித்துக்கிழமையே இருக்கட்டும். அதுவரைக்கும் அங்கே வெச்சிக்கலாம்னுதான் சொல்றேன். யாரும் கத்தி எடுத்துட்டு வரமாட்டாங்க. சாவி என்கிட்டதான் இருக்கும்."

"எங்கம்மாவுக்கு மகன் இருக்கான், மக இருக்கா. அவங்க என்ன அனாதையா? ஏமஸ், நீ ஏதாவது சொல்லேன்! உனக்கும் அவங்கதானே அம்மா!"

ஏமஸ் திர்சாவின் கணவன். வாசலுக்கு வெளியே, பற்றவைக்காத புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடி, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டிக்கும் தங்கைக்கும் நடுவில் அகப்பட்ட ஆண்பிள்ளை எந்த நாட்டிலும் நிலைப்படியைத்தான் பார்ப்பான்.

அப்போதுதான் டார்கஸ் பேசினாள். அந்தத் தெருவில் யார் இறந்தாலும் குளிப்பாட்டி, தாடை கட்டி, கை மடக்கி வைக்கக் கூப்பிடும் பெரியவள். ஜெனட் படுக்கையில் கிடந்த நாட்களில் பகலில் பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"நான் ஒண்ணு சொல்லட்டா?"

"நீயும் மதினி பக்கமா?"

"நான் பொணத்தோட பக்கம். எனக்கு அதானேடி தொழில்."

கெசையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காக உடனே அழுதாள். டார்கஸ் அவள் அழுது முடிக்கும் வரை துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"உங்கம்மா படுத்திருந்தப்ப இந்தப் பிள்ளையை மாடி வீட்டுக்காரங்க பார்த்துக்கிட்டாங்க. அது சும்மா இருக்குமா? தவழ்ந்து, விழுந்து, படியிறங்கி வந்து கதவுகிட்ட நின்னு 'பாட்டி, பாட்டி'ன்னு கூப்பிடும். உங்கம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்குவா."

"எதுக்கு?"

"பார்த்தா ஓடி வந்துடும்ல? மூச்சுக் காட்டாம கிடப்பா. பிள்ளை கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டுத் திரும்பிப் போகும். போன பிறகு போர்வைக்குள்ளேயே அழுவா. 'போயிடுச்சா டார்கஸ்? நிஜமா போயிடுச்சா?' அப்படிக் கேட்ட பிறகுதான் முகத்தைத் திறப்பா."

கெசையா மேசையைப் பார்த்தாள். அம்மாவின் முகம் மூடப்படாமல்தான் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ ஆலையிலேருந்து வந்து பொழுது சாய உக்கார்றே. கையைப் பிடிச்சிக்கிட்டு உன் கதையைக் கேப்பாளா, இதைச் சொல்லிக்கிட்டிருப்பாளா?"

"மதினி, நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கே விட்டே பேச?" என்றாள் திர்சா. பிறகு, குரல் இறங்கி, "எனக்கே இப்பத்தான் தெரியும் கெசையா. நானும் தறியிலதானே இருந்தேன்" என்றாள்.

(இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். முகத்தை மூடிக்கொள்வாள் என்று நான் திட்டமிடவில்லை. டார்கஸ் சொன்னாள், எழுதினேன். "பிள்ளை என் கையில இருக்கு" என்று தினமும் சொன்னவள், கடைசியில் கையை எடுத்துக்கொண்டு காப்பாற்றியிருக்கிறாள். இதற்கு எப்படி நன்றி சொல்வது, யாரிடம் சொல்வது என்று திர்சாவுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.)

"சரி. கொண்டு போங்க" என்றாள் கெசையா.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஃபீல்டன் கெடுத்தார். கெட்ட மனதால் இல்லை, சிக்கனத்தால்.

வளவு வாசலில் அவர் கொண்டுவந்த தள்ளுவண்டி நின்றது. கறுப்புத் துணி போர்த்தி, கண்ணியமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அது விடுதியின் வண்டி. பிணவறைக்கென்று தனி வண்டி எதற்கு, பக்கத்தில்தானே இருக்கிறது, இரவல் வாங்கிக்கொள் என்று மேலிடம் சொல்லியிருந்தது. இடது சக்கரத்தின் கிறீச்சொலியை வைத்தே அந்த வண்டியைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அது வந்தால் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்துவார்கள். பெண்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். கேட்க ஆளில்லாதவர்கள் போகும் வண்டி.

கெசையா பார்த்தாள். வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுலயா?"

"அம்மா, துணியெல்லாம் புதுசா—"

"இதுலயா எங்கம்மாவை? என்மேல ஏத்திட்டுப் போங்க!"

வளவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது. திர்சா கண்ணை மூடிக்கொண்டாள். கிடைத்தது கைநழுவுகிறது. கெசையாவோடு மறுபடி வாதாட அவளுக்கு மனமில்லை, ஏனென்றால் இந்த முறை கெசையா சொல்வது சரி. அந்த வண்டியில் ஜெனட்டை ஏற்றத் திர்சாவுக்கும் மனம் வராது. ஆனால் ஹெட்டியின் தலை தோளில் கனத்தது.

ஃபீல்டன் வண்டியைப் பார்த்தார், கெசையாவைப் பார்த்தார். "நான் யோசிக்கலைம்மா" என்றார். அதிகாரிகள் அதிகம் சொல்லாத வாக்கியம். அவர்மேல் எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போனது இங்கேதான்.

அதுவரை நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்த ஏமஸ், குழாயை எடுத்துப் பையில் போட்டான். "அந்த வண்டியில அம்மா ஏறமாட்டா" என்றான். சொல்லிவிட்டு, தோளைக் கொடுத்துக் கதவை மேல்நோக்கி ஒரு உந்து உந்தினான். கீலிலிருந்து கதவு கழன்று வந்தது. அதைக் கொண்டுவந்து மேசையோரம் சாய்த்தான்.

"ஏய், வீட்டுக்கு ராத்திரி கதவு?" என்றாள் டார்கஸ்.

"எடுத்துட்டுப் போக என்ன இருக்கு எங்ககிட்ட?"

8

கதவின்மேல் ஜெனட்டின் சொந்தப் போர்வையை விரித்தார்கள். கந்தல்களை ஒட்டி ஒட்டி அவளே தைத்தது. அதன்மேல் அவள். வண்டியை ஃபீல்டனே பின்சந்து வழியாக, கண்ணில் படாமல், அனுப்பிவிட்டார். பெண்ணைப் பெண்கள்தான் தூக்கவேண்டும் என்று டார்கஸ் சொன்னாள். யார் தூக்குவது? சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வளவைவிட்டுத் தெருவுக்கு வரும்போது ஆலையின் மதியச் சங்கு ஊதிற்று. ஆலைக் கதவுகள் திறந்து பெண்கள் சாப்பாட்டுக்கு வெளியே வந்தார்கள், தலைமுடியில் பஞ்சு, தோளில் சால்வை, லாடம் அடித்த மரச்செருப்பு. எதிரே கதவொன்று நடந்து வருகிறது. முன்னால் கெசையாவும் டார்கஸும் சுமக்கிறார்கள்.

"யாரு?"

"ஜெனட் ஹோல்ட்."

"இன்னிக்கா? புதன்கிழமையா? அடக்கமா?"

"அடக்கம் ஞாயித்துக்கிழமைதான். இன்னிக்கு இடம் மாத்துறோம்."

"எங்கே?"

"புதுக் கட்டடத்துக்கு."

"அங்கேயா!"

"ஏன், வெள்ளையடிச்சிருக்கு. உன் வீட்டைவிடச் சுத்தம். தோள் கொடுடி, பேசாம," என்றாள் டார்கஸ்.

தோள் மாறியது. ஒருத்தி ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு தூக்கினாள். பின்னால் மரச்செருப்புகள் சேர்ந்துகொண்டே வந்தன. சாராயப் பீப்பாய் வண்டிக்காரன் ஒருவன் வழிவிடாமல் நின்றபோது ஃபீல்டன் போய்க் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்து ஓரங்கட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாருக்கும் பின்னால் நடந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

திர்சா குழந்தையோடு தெருவின் எதிர்ப்பக்கமாக, சற்றுத் தள்ளி, கூட்டத்தோடு கூடவே நடந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே சொந்தமான மரியாதை புதன்கிழமை மதியம் கிடைக்கிறது. நகராட்சி கட்டிய கட்டடத்துக்கு, ஒரு வழக்கத்தைக் கால்நடையாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அந்த இளைஞருடைய 'பிறகு' இதுதானா? எனக்குத் தெரியாது. இப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

9

முடிவுகளை அடுக்கிப் பார்த்தேன்.

பிணவறைக் கதவு சாத்தப்படுகிறது, ஹெட்டி வளர்ந்து பெரியவளாகி (கன்னத்தில் குழிவிழச் சிரித்து, பேரன் பேத்தி பார்த்து, இது நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளும் முடிவு. கேட்டால் கொடுத்துவிடுவதற்குக் கதை என்ன கோயிலா?)

வெள்ளிக்கிழமை ஹெட்டியின் உடம்பு கொதிக்கிறது. அப்போது தெருக்காரர்கள் (எழுத மாட்டேன். உண்மையில் நடந்திருக்கலாம். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் நடந்தது. என் கையால் இன்னொன்று வேண்டாம்.)

அல்லது, பல வருஷம் கழித்து கெசையாவே பிணவறையைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு வருகிறாள், இன்னொரு மகளிடம், "பயப்படாதே, எங்கம்மாதான் இங்கே முதல்ல" என்று சொல்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். படித்துக் காட்டியபோது கெசையா, "என்னைக் கேட்டியா?" என்றாள். கிழித்துவிட்டேன்.

ஆகவே எனக்குக் காதில் விழுந்தது வரைக்கும் எழுதுகிறேன். அதற்குப்பின் எவ்வளவு காது கொடுத்தும் கேட்கவில்லை. மிச்சம் உங்கள் பாடு.

10

ஃபீல்டன் பூட்டைத் திறந்தார். கதவோடு ஜெனட்டை உள்ளே கொண்டுபோய் மேடையில் வைத்தார்கள். வெயிலிலிருந்து வந்தவர்களுக்கு உள்ளே குளுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் கெசையா. ஏளனமாக இல்லை. எதையோ எதிர்பார்த்துப் பயந்து வந்தவள், அது இல்லாததைப் பார்த்துச் சொன்னது.

தூக்கியவர்கள் ஒவ்வொருவராக நெற்றியைத் தொட்டுவிட்டு வெளியே போனார்கள். கடைசியாகக் கெசையா. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றாள். பிறகு இன்னொரு கையையும் வைத்தாள்.

"இது யாருக்கு?" என்றாள் டார்கஸ்.

"ஹெட்டிக்கு. அவளுக்குப் பதிலா நான் தொட்டுட்டேன். கனவுல வர்றதா இருந்தா என்கிட்ட வரட்டும்."

திர்சா வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வாசலை நோக்கி ஓரடி எடுத்து வைத்தாள்.

கெசையா வெளியே வந்தாள். அவளைப் பார்த்ததும் ஹெட்டி தாயின் தோளிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, "அத்தை! தூக்கு, தூக்கு!" என்றது. காலையிலிருந்து தன்னை இழுத்த அதே கைகளை நோக்கித் தாவுகிறது. திர்சா முதல்முறையாகப் பிடியைத் தளர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்று ஃபீல்டன் வேகமாகக் குறுக்கே வந்தார். "கோவிச்சுக்காதீங்க. தொட்டவங்க நல்லா கை கழுவிட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்கணும்."

கெசையா அவரைப் பார்த்தாள். வழக்கமான வெடுக்கென்ற பதில் ஒன்று வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. கைகளைப் பாவாடையில் படாமல், உடம்பிலிருந்து தள்ளி, காற்றில் பிடித்துக்கொண்டாள். சுற்றிப் பார்த்தாள். ஃபீல்டனும் பார்த்தார். ஜன்னல், காற்றுத் துவாரம், மேடை, வடிகால், பூட்டு.

(நான் திரும்பிப் போய் ஐந்தாம் பகுதியைப் படித்துப் பார்க்கிறேன். கட்டியது நான்தான். நானும் வைக்கவில்லை. இப்போதே அங்கே ஒரு வரி சேர்த்துவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் எந்த நல்ல காரியமும் முதல் தடவையிலேயே முழுசாக வந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வாசலில் நின்று கேட்டுத்தான் அடுத்தது வந்தது. கேட்டவர்களுக்குத்தான் இந்தக் கதை முழுக்க என் நன்றி. அதனால் சேர்க்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் வைத்துக்கொடுங்கள். எங்கே வைப்பீர்கள் என்று மட்டும் யோசியுங்கள், குழந்தை காத்திருக்கிறது.)

"கழுவுறேன் ஐயா," என்றாள் கெசையா, ஈரமில்லாத இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டியபடி. "தண்ணி எங்கே இருக்கு?"